கருப்பை அகப்படல நோயும் பெண்களின் கருவுறாமையும்: திருநெல்வேலிப் பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே வளர்ந்து அழற்சியையும் வலியையும் உண்டாக்கும் நிலை எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும். இந்நோய்க்கும் பெண்களின் கருவுறாமைக்கும் உள்ள உறவு பல வழிகளில் நிகழ்வது. எனினும் நோயுற்ற பெண்கள் பலர் இயல்பாகவே கருவுறுவதால், நோயையும் மலட்டுத்தன்மையையும் ஒன்றெனக் கொள்ள இயலாது. கருவுறும் வாய்ப்பைக் குறைப்பதில் நோய்க்குப் பங்கு இருப்பதைப் போலவே, நோயை இனங்காண்பதில் ஏற்படும் காலத்தாழ்வுக்கும் பங்குண்டு. திருநெல்வேலிப் பேட்டை வட்டாரத்தில் மாதவிடாய் வலி குறித்து வழங்கும் சொற்களும் நம்பிக்கைகளும் அத்தாழ்வுக்கு எவ்வாறு இடமளிக்கின்றன என்பதையும், அதனைக் குறைக்கக் கல்விப்புலத்தார் செய்யத்தக்கன எவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கருப்பை அகப்படல நோய், எண்டோமெட்ரியோசிஸ், கருவுறாமை, மாதவிடாய் வலி, சாக்லேட் கட்டி, பேட்டை, திருநெல்வேலி, வலிச்சொற்கள்.

முன்னுரை

தாமிரபரணிப் பாசனப் பகுதியில், திருநெல்வேலி நகரத்தின் மேற்கே அமைந்த பேட்டை, கல்லூரியும் பீடித் தொழிலும் அருகருகே இருக்கும் ஊர். ம.தி.தா. இந்துக் கல்லூரி இங்குள்ளது. பேட்டையை அடுத்த காந்திநகரில் இராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இயங்குகிறது. பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல் முதலிய ஊர்களில் மடியில் தட்டும் கையில் இலையுமாக வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள் மிகப் பலர். வகுப்பறையில் இருக்கும் மகளும் திண்ணையில் இருக்கும் தாயும் மாதந்தோறும் தமக்கு வரும் துன்பத்தை ஒரே சொல்லால் குறிக்கின்றனர். அச்சொல் 'வயித்துவலி' என்பதாகும்.

அச்சொல்லுக்குள் இரு வேறு நிலைகள் அடங்கியுள்ளன. ஒன்று, மாதவிடாயின் முதல் ஓரிரு நாள்களில் வந்து எளிய மருந்தில் தணியும் இயல்பான வலி. மற்றொன்று, ஆண்டுக்காண்டு மிகுந்து, படிப்பையும் வேலையையும் தடுத்து, உடலுள் நோய் வளர்வதை உணர்த்தும் வலி. முன்னதற்குரிய ஆறுதலைப் பின்னதற்கும் சொல்லிவிடுவதால், நோய் இனங்காணப்படும் காலம் தள்ளிப்போகிறது. பெண்ணுக்குத் திருமணமாகி ஓரிரு ஆண்டுகள் சென்றபின் 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்னும் கேள்வி எழும்போதுதான் பலர் முதன்முறையாக மகப்பேறு மருத்துவரிடம் செல்கின்றனர். வலிக்காகச் செய்யப்படாத பரிசோதனை குழந்தைக்காகச் செய்யப்படுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிகழ்வது யாது என்பதே இக்கட்டுரையின் மையப்பொருள்.

பெயரும் பொருளும்

எண்டோமெட்ரியோசிஸ் என்னும் சொல் கிரேக்க மூலங்களால் ஆனது. 'எண்டோ' என்பது உள் என்றும், 'மெட்ரா' என்பது கருப்பை என்றும், இறுதி ஒட்டு நோய்நிலை என்றும் பொருள்படும். தமிழில் இடமகல் கருப்பை அகப்படலம், கருப்பை அகப்படல நோய் முதலிய ஆக்கங்கள் வழங்குகின்றன. 'இடமகல்' என்னும் அடை நோயின் இயல்பைத் துல்லியமாகச் சுட்டுகிறது. படலம் இருக்கவேண்டிய இடத்தை விட்டு அகன்று வேறிடத்தில் வளர்வதே இந்நோய். இக்கட்டுரையில் சுருக்கம் கருதி 'அகப்படல நோய்' என்னும் வழக்கு பயன்படுத்தப்படுகிறது.

மருத்துவமனைப் பேச்சில் இந்நோய் பெரும்பாலும் 'சாக்லேட் கட்டி' என்னும் பெயராலேயே அறிமுகமாகிறது. சூற்பையில் தோன்றும் கட்டியினுள் பழைய குருதி தேங்கிக் கரும்பழுப்பு நிறத்தில் இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. இப்பெயர் ஒரு குழப்பத்துக்கும் வழிவகுக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் 'நீர்க்கட்டி' என்பது பெரும்பாலும் பல்பைச் சூற்பைக் கோளாறைக் குறிக்கும். 'கட்டி' என்று மட்டும் சொன்னால் கருப்பையின் தசையில் வளரும் நார்த்திசுக்கட்டியையும் குறிக்கும். இம்மூன்றும் வெவ்வேறு நிலைகள். பல்பைச் சூற்பைக் கோளாற்றில் முதன்மையான சிக்கல் முட்டை வெளியேறுதல் ஒழுங்கற்றுப்போவது. அகப்படல நோயிலோ மாதவிடாய் ஒழுங்காக வரக்கூடும். முதன்மையான அடையாளம் வலி. 'மாசாமாசம் சரியா வருது, அப்போ கர்ப்பப்பையில கோளாறு இல்ல' என்னும் முடிவு முன்னதற்கு ஓரளவு பொருந்தலாம், பின்னதற்குப் பொருந்தாது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது உலகளவில் சுமார் 19 கோடிப் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர். நாற்பது மாணவியர் அமர்ந்த ஒரு வகுப்பில் மூவர் நால்வருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது இவ்விகிதத்தின் பொருள்.

நோய் தோன்றும் முறை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகரில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921ஆம் ஆண்டு சூற்பையின் சாக்லேட் கட்டிகளைப் பற்றி எழுதினார். 1927இல் அவர் பின்னோக்கிய மாதவிடாய் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். மாதவிடாய்க் குருதி கீழ்நோக்கி வெளியேறும்போது, அதன் ஒரு பகுதி கருக்குழாய்கள் வழியே எதிர்த்திசையில் சென்று வயிற்றறையில் விழுகிறது. அதிலுள்ள அகப்படலச் செல்கள் அங்கேயே ஒட்டி வளர்கின்றன என்பது அதன் சாரம்.

இக்கோட்பாடு இன்றளவும் முதன்மையானதாக இருப்பினும் முழுமையானதன்று. கருக்குழாய் திறந்துள்ள பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு மாதவிடாய்க் காலத்தில் வயிற்றறை நீரில் குருதி காணப்படுவதை 1984இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பத்தில் ஒன்பது பேருக்கு நிகழ்வது பத்தில் ஒருவருக்கு மட்டும் நோயாவது ஏன் என்னும் வினா இதிலிருந்து எழுகிறது. சிதறிய செல்களை அகற்றும் தடுப்பாற்றலின் குறை, மரபணு இயல்பு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் மிகைச் செயற்பாடு, புரோஜெஸ்டிரோனுக்குத் திசு உரியவாறு இணங்காமை ஆகியவை இணைந்தே நோயை உருவாக்குகின்றன எனக் கருதப்படுகிறது. வயிற்றறையின் உறைச்செல்களே உருமாறுதல், குருதி நாளங்கள், நிணநீர் நாளங்கள் வழியே செல்கள் பரவுதல் ஆகிய விளக்கங்களும் உண்டு.

மரபின் பங்கு இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவிலும் சுவீடனிலும் இரட்டையரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகள், நோய்க்கு ஆட்படும் இயல்பில் ஏறத்தாழப் பாதி மரபுவழிப்பட்டது எனக் காட்டின. மகள் வலியால் துடிக்கும்போது 'எனக்கும் இப்படித்தாம்ளா இருந்துச்சு' என்று தாய் ஆறுதல் கூறுவது நெல்லை வீடுகளில் இயல்பு. தாய் அதனைக் கவலை வேண்டா என்னும் பொருளில் சொல்கிறார். மருத்துவ நோக்கிலோ, அக்கூற்றே குடும்ப வரலாறு என்னும் எச்சரிக்கைக் குறிப்பாகும்.

கருவுறாமையோடு உள்ள உறவு

பாதுகாப்பு முறை ஏதுமின்றி ஓராண்டுக் காலம் ஒழுங்காகக் கூடி வாழ்ந்தும் கருத்தரிக்காத நிலையைக் கருவுறாமை என மருத்துவம் வரையறுக்கிறது. அகப்படல நோயுள்ள பெண்களில் 30 முதல் 50 விழுக்காட்டினர் கருவுறுவதில் இடர்ப்படுகின்றனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. நலமுள்ள இணையரிடம் ஒரு மாதத்தில் கருவுறும் வாய்ப்பு 15 முதல் 20 விழுக்காடு. மருத்துவம் செய்யப்படாத அகப்படல நோயில் அது 2 முதல் 10 விழுக்காடு எனக் கணிக்கப்படுகிறது.

இவ்வெண்களை இரு கோணங்களில் படித்தல் வேண்டும். முதலாவது, வாய்ப்பு குறைவதை அவை உறுதிப்படுத்துகின்றன. இரண்டாவது, நோயுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இடர்ப்பாடின்றியே கருவுறுகின்றனர் என்பதையும் அவையே காட்டுகின்றன. ஆகவே நோய் இருப்பதாக அறிந்த இளம்பெண்ணிடம் 'இனிக் குழந்தை பிறக்காது' எனக் கூறுவது அறிவியலுக்கு முரணானது. வாய்ப்புக் குறைவு மாதக்கணக்கில் கூடிக்கொண்டே செல்வது. வயது ஏற ஏற முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் குறைவது. இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதால்தான் இந்நோயில் காலம் பெருமதிப்புடையதாகிறது.

கருவுறுதல் தடைப்படும் வழிகள்

முதலாவது, உறுப்புகளின் அமைப்பு மாறுதல். இடமகன்ற திசுவும் மாதந்தோறும் ஹார்மோன்களின் தூண்டலுக்கு உட்படுகிறது. அதனால் விளையும் குருதிக்கசிவும் அழற்சியும் தழும்புகளை உண்டாக்குகின்றன. தழும்புகள் சூற்பை, கருக்குழாய், குடல் ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. சூற்பையிலிருந்து வெளிப்படும் முட்டையைக் கருக்குழாயின் நுனியிழைகள் தடவிப் பற்றிக்கொள்ளவேண்டும். அவ்வசைவு தடைப்பட்டால், குழாயில் அடைப்பே இல்லாதபோதும் முட்டை உள்ளே சேர்வதில்லை.

இரண்டாவது, சூற்பையின் முட்டை இருப்பு குறைதல். சாக்லேட் கட்டியினுள் தேங்கும் குருதியிலுள்ள இரும்பு, அருகிலுள்ள ஆரோக்கியமான திசுவை ஊறுபடுத்தும் வேதிச்சூழலை உருவாக்குகிறது. கட்டியை அறுத்து அகற்றும்போது அதனோடு ஒட்டிய முட்டைப்பைகளும் நீங்கிவிடக்கூடும். முட்டை இருப்பைக் குறிப்பாகக் காட்டும் முல்லேரியன் எதிர் ஹார்மோனின் அளவு அறுவைக்குப்பின் குறைவது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது.

மூன்றாவது, வயிற்றறை நீரின் மாற்றம். நோயுள்ள பெண்களின் வயிற்றறை நீரில் பெருவிழுங்குசெல்களும் அழற்சியைத் தூண்டும் புரதங்களும் புரோஸ்டாகிளாண்டின்களும் மிகுந்திருக்கின்றன. முட்டையும் விந்தணுவும் கருக்குழாயில் சந்திக்கும் சூழல் இதனால் கெடுகிறது. தழும்போ கட்டியோ இல்லாத தொடக்கநிலை நோயிலும் சிலர் கருவுறாமைக்கு ஆளாவதற்கு இது ஒரு விளக்கமாகும்.

நான்காவது, முட்டையின் தரமும் கருப்பைப் படலத்தின் ஏற்புத்தன்மையும். 1990களில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் முட்டைக் கொடை முறையில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தனர். நோயுள்ள பெண்களிடமிருந்து பெற்ற முட்டையால் உருவான கருக்கள் கருப்பையில் பதியும் வீதம் குறைந்திருந்தது. நோயற்ற பெண்களின் முட்டையைப் பெற்ற நோயுள்ள பெண்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. முட்டையின் தரமே முதன்மையானது என இது சுட்டுகிறது. எனினும் புரோஜெஸ்டிரோனுக்குப் படலம் இணங்காமையால் கரு பதியும் தருணம் பிழைபடுவதும் ஆய்வுகளில் பேசப்படுகிறது. இவ்விவாதம் இன்னும் முடிவுறவில்லை.

ஐந்தாவது, உறவின்போது வலி. கருப்பையின் பின்புறத்தில் ஆழ ஊடுருவிய நோயில் தாம்பத்திய உறவு கடும் வலி தருவதாகிறது. அதனால் உறவு அருகுகிறது. கருவுறும் நாள்கள் வீணாகின்றன. மருத்துவரிடமும் கணவரிடமும் சொல்லத் தயங்கும் இச்செய்தி, பெண்ணுக்கு 'விருப்பமில்லை' எனத் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டு மணவாழ்வையே குலைத்துவிடுவதும் உண்டு.

இனங்காணலும் காலத்தாழ்வும்

மாதவிடாயின்போது மருந்துக்கு அடங்காத வலி, உறவின்போது ஆழ்ந்த வலி, மாதவிடாய் நாள்களில் மலம் கழிக்கையிலோ சிறுநீர் கழிக்கையிலோ வலி, மாதவிடாய் இல்லாத நாள்களிலும் நீடிக்கும் அடிவயிற்று வலி, வயிறு உப்புதல், மிகுசோர்வு ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். வலியின் அளவும் நோயின் பரப்பும் ஒத்துச் செல்வதில்லை என்பது இந்நோயின் தனித்தன்மை. சிறு புள்ளிகளாக மட்டும் நோயுள்ளவர் படுக்கையில் விழலாம். பெருங்கட்டி உள்ளவர் ஏதும் உணராதிருக்கலாம்.

அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் மதிப்பெண் முறை நோயை நான்கு நிலைகளாக வகுக்கிறது. 1 முதல் 5 வரை மிகக் குறைந்த நிலை. 6 முதல் 15 வரை மென்னிலை. 16 முதல் 40 வரை இடைநிலை. 40க்கு மேல் கடுநிலை. இம்முறை கருவுறும் வாய்ப்பை முன்னறிவிப்பதில் குறைபாடுடையது. அதனால் 2010இல் வயது, கருவுறாமையின் காலம், முந்தைய கருத்தரிப்பு, அறுவைக்குப்பின் கருக்குழாய், சூற்பை ஆகியவற்றின் செயல்திறன் முதலியவற்றைக் கணக்கிடும் 0 முதல் 10 வரையிலான கருவுறுதிறன் குறியீடு உருவாக்கப்பட்டது.

முன்பு வயிற்றறை உள்நோக்கி அறுவை செய்து கண்ணால் கண்டாலன்றி நோய் உறுதியாகாது என்னும் கருத்து நிலவியது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை இதனை மாற்றியது. படிமச் சோதனைகளில் ஒன்றும் தெரியாதபோதும், மருந்து பயன்தராத அல்லது பொருந்தாத நிலையிலும் மட்டுமே நோயறிதலுக்கு உள்நோக்கி அறுவையை நாடலாம் என்பது அதன் பரிந்துரை. இதனோடு மற்றொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். மேலோட்டமான புள்ளிகளை ஸ்கேன் காட்டுவதில்லை. 'ஸ்கேன்ல ஒண்ணுமில்ல' என்பதற்கு நோயில்லை என்று பொருளன்று. மணமாகாத பெண்களுக்கு யோனிவழி ஸ்கேன் செய்யப்படாதபோது வயிற்றின் மேல் செய்யும் ஸ்கேனில் தெரிவது இன்னும் குறைவு; தேவைப்படின் காந்த ஒத்ததிர்வுப் படிமம் துணைபுரியும். சி.ஏ. 125 என்னும் குருதிச் சோதனையை நோயறிதலுக்குப் பயன்படுத்தலாகாது என்றும் அந்நெறிமுறை கூறுகிறது. இந்தியாவில் பிறப்புறுப்புக் காசநோயும் ஒட்டுத்தழும்புகளையும் கருவுறாமையையும் உண்டாக்குவதால், அதனையும் உடன் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பத்து நாடுகளின் 16 மையங்களில் 1,418 பெண்களிடம் நிகழ்த்தப்பட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு, அறிகுறி தோன்றியதற்கும் நோய் உறுதியானதற்கும் இடையே சராசரியாக 6.7 ஆண்டுகள் கழிந்ததைக் காட்டியது. அப்பத்து நாடுகளுள் இந்தியா இல்லை. மும்பையிலுள்ள தேசிய இனப்பெருக்க, குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனம் பிற மையங்களோடு இணைந்து இந்நோயின் மருத்துவக் கூறுகளையும் மரபணுக் கூறுகளையும் இந்தியப் பெண்களிடம் ஆராய்ந்து வருவது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது.

பேட்டை வட்டாரச் சொற்களும் வழக்கங்களும்

நெல்லைப் பகுதியில் பூப்பெய்திய பெண்ணுக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி கொடுத்து 'இடுப்புக்குப் பலம்' எனப் போற்றுவது வழக்கம். மாதவிடாய் வலிக்கு வெந்தயமும் மோரும் தருவர்; 'சூட்டு வலி' என்பர். இவை அன்பின் வெளிப்பாடுகள், உணவாகவும் நல்லவை. ஆயின் களியும் வெந்தயமும் தந்தும் மாதந்தோறும் தணியாத வலியை 'சூடு' என்ற சொல்லோடு நிறுத்திவிடுவதே சிக்கல். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி உள்ள இம்மாவட்டத்தில் 'சூதகவலி' என்னும் சொல்லும் பழக்கமானது. அது வலியைச் சுட்டும் சொல். வலியின் காரணத்தைச் சுட்டும் சொல்லன்று.

'கல்யாணமானா சரியாயிரும்', 'ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் சரியாயிரும்' என்னும் இரு கூற்றுகள் இங்கு ஆராயத்தக்கவை. கருவுற்ற காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி தற்காலிகமாகக் குறைவது உண்மை. ஆனால் கருவுறுதல் நோயை ஒழிப்பதில்லை. எல்லோருக்கும் வலி குறைவதும் இல்லை. நோய்க்கு மருந்தாகக் கருத்தரிக்குமாறு பெண்ணுக்கு அறிவுரை கூறலாகாது என 2022 நெறிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. கருவுறுதலைத் தடுக்கக்கூடிய நோய்க்குக் கருவுறுதலையே மருந்தாகச் சொல்வதில் உள்ள முரணும் எண்ணத்தக்கது. அறிவுரைப்படி மணமுடித்துக் கருவுறாத பெண், வலியோடு பழிச்சொல்லையும் சுமக்க நேர்கிறது.

'மலடி' என்னும் சொல் அப்பழியின் வடிவம். 'மலடன்' என்பது அகராதியில் உண்டு, ஊர்ப்பேச்சில் அரிது. இச்சொல்வழக்கின் சாய்வு மருத்துவமனை வரிசையிலும் தெரிகிறது. கருவுறாமையில் ஆணின் காரணங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. விந்துப் பரிசோதனை எளியது, செலவு குறைந்தது. எனினும் பெண்ணை மட்டும் பல மாதங்கள் பரிசோதித்த பின்னரே கணவரை அழைத்து வரும் குடும்பங்கள் பல. நெல்லையப்பர் கோயிலில் ஆடிப்பூரத்தின்போது காந்திமதி அம்மனுக்கு நிகழும் வளைகாப்பிலும் முளைக்கட்டிலும் குழந்தைப்பேறு வேண்டிப் பெண்கள் திரளுகின்றனர். நம்பிக்கை அவர்களுக்குத் துணையாகட்டும். வழிபாட்டோடு மருத்துவப் பரிசோதனையும் அதே ஆண்டில் நிகழவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தத்தக்கது.

பீடித் தொழில் இந்நோயை உண்டாக்குகிறது எனக் கூற இக்கட்டுரை முற்படவில்லை. தொழிலின் கூலிமுறைதான் இங்குக் கருதத்தக்கது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படும் கூலியில், வலியால் படுத்த நாள் கூலியற்ற நாள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளும் அவ்வாறே. எனவே வலிமாத்திரையை விழுங்கிவிட்டுத் தட்டின்முன் அமர்வதே நடைமுறையாகிறது. பணிப்பதிவேடும் விடுப்புக் கணக்கும் இல்லாத வீட்டுவேலையில், எத்தனை நாள் வலியில் கழிந்தன என்பதற்கும் பதிவில்லை.

மருத்துவ வழிகள்

இந்நோயை முற்றாக ஒழிக்கும் மருந்து இதுவரை இல்லை. வலியைக் குறைக்கும் நோக்கும் கருவுறும் நோக்கும் வெவ்வேறு பாதைகளில் செல்கின்றன என்பதைத் தெளிவாக உணரவேண்டும். கருத்தடை மாத்திரை, டையனோஜெஸ்ட், ஹார்மோன் கலந்த கருப்பைச் சாதனம் முதலியவை வலியைக் கட்டுப்படுத்தும். ஆயின் அவை பெரும்பாலும் கருவுறுதலையும் தடுக்கும். கருவுறும் வாய்ப்பைக் கூட்டா. குழந்தையை விரும்பும் காலத்தில் கருவுறுதிறனை மேம்படுத்தும் பொருட்டு இவற்றை உட்கொள்வது காலவிரயமாகும். மணமாகாத மாணவிக்கு இம்மருந்துகள் தரப்படும்போது 'கருத்தடை மாத்திரையா?' எனப் பெற்றோர் அஞ்சி நிறுத்திவிடுவதும் உண்டு. அவை அங்கு வலிக்கும் நோய்க்கும் உரிய மருந்துகள். நிறுத்தியபின் கருவுறுதிறன் மீளும்.

அறுவை மருத்துவத்தின் பயனைக் கனடாவில் நிகழ்ந்து 1997இல் வெளிவந்த ஆய்வு அளந்தது. 20 முதல் 39 வயதுக்குட்பட்ட, குறைநிலை நோயும் கருவுறாமையும் உள்ள 341 பெண்கள் அதில் பங்கேற்றனர். உள்நோக்கி வழியே நோய்ப்புள்ளிகள் அகற்றப்பட்டவர்களில் 30.7 விழுக்காட்டினரும், நோயறிதல் மட்டும் செய்யப்பட்டவர்களில் 17.7 விழுக்காட்டினரும் 36 வாரங்களுக்குள் கருவுற்று 20 வாரங்களைக் கடந்தனர். அறுவை பயன் தருகிறது. ஆயினும் அகற்றப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் அக்காலத்துக்குள் கருவுறவில்லை என்பதையும் இவ்வெண் காட்டுகிறது.

சாக்லேட் கட்டியில் முடிவு இன்னும் நுண்ணியது. கட்டியின் உறையை அகற்றினால் இயல்பாகக் கருவுறும் வாய்ப்பு கூடலாம். முட்டை இருப்போ குறையலாம். இருபுறமும் கட்டியுள்ளவர், முன்பே அறுவை செய்துகொண்டவர், 35 வயதைக் கடந்தவர் ஆகியோர் அறுவைக்கு முன் முட்டை இருப்பை அளந்து கலந்தாய்வு பெறுதல் இன்றியமையாதது. சோதனைக்குழாய் முறைக்கு முன் எல்லாக் கட்டிகளையும் அகற்றவேண்டும் என்னும் பழைய வழக்கத்தை இன்றைய நெறிமுறை ஆதரிப்பதில்லை.

குறைநிலை நோயில் முட்டை தூண்டும் மருந்தோடு விந்தணுவைக் கருப்பையினுள் செலுத்தும் முறை பயன்படும். கருக்குழாய் பழுதுபட்டபோதும், வயது கூடியபோதும், ஆணிடமும் குறையிருந்தபோதும் சோதனைக்குழாய் முறை உரியது. இந்தியாவில் இதனை 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் நெறிப்படுத்துகிறது. அதன்படி பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும் ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயது வரம்பு உண்டு. பதிவுபெற்ற மையங்களே இம்மருத்துவத்தைச் செய்யலாம். பொதுவாக 35 வயதுக்குட்பட்டோர் ஓராண்டும், அவ்வயதைக் கடந்தோர் ஆறு மாதமும் முயன்றபின் மருத்துவரை நாடலாம் என்பர். அகப்படல நோய் இருப்பதாக அறிந்தவரோ ஐயுறுபவரோ அவ்வளவு காத்திருத்தல் கூடாது.

செய்யத்தக்கன

தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கான 'புதுயுகம்' திட்டம் மாதவிடாய்த் தூய்மையைப் பேசுபொருளாக்கியது. அணையாடை பற்றிப் பேச முடிந்த வகுப்பறையில் வலி பற்றியும் பேச முடியும். 'இந்த மாதம் வலியால் எத்தனை நாள் வரவில்லை? மாத்திரை போட்டும் வலி நிற்கவில்லையா? மலம் கழிக்கும்போது வலிக்கிறதா?' என்னும் மூன்று கேள்விகளே பலரை உரிய மருத்துவரிடம் அனுப்பப் போதுமானவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் குருதியழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்காக வீடுகளுக்குச் செல்கின்றனர். பீடி சுற்றும் பெண்களிடமும் இக்கேள்விகளைக் கொண்டுசெல்ல அவ்வழி ஏற்றது. மேற்பரிந்துரைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பாளையங்கோட்டையிலேயே உள்ளது.

தமிழாய்வாளர்க்கும் இதில் தனிப்பணி உண்டு. வலியை அளக்கும் வினாநிரல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவானவை. நெல்லைப் பெண்கள் வலியைக் 'குத்துது', 'கடுக்குது', 'சுண்டி இழுக்குது', 'உளையுது', 'இடுப்பு கழண்டு விழுறாப்ல இருக்கு' என வேறுபடுத்திச் சொல்கின்றனர். இச்சொற்களில் எவை கருப்பைத் தசையின் இறுக்கத்தையும், எவை நரம்பின் வலியையும், எவை ஒட்டுத்தழும்பின் இழுவையையும் குறிக்கின்றன என்பது மொழியியலாளரும் மருத்துவரும் இணைந்து ஆராயவேண்டிய களம். வட்டாரச் சொல்லடைவுகளில் வேளாண் சொற்களுக்கும் மீன்பிடிச் சொற்களுக்கும் இடம் கிடைத்துள்ளது போல வலிச்சொற்களுக்கும் இடம் கிடைக்கவேண்டும். பேட்டையிலும் அதைச் சுற்றிலும் உள்ள கல்லூரிகளின் மாணவியர் தம் வீடுகளிலிருந்தே இதனைத் தொகுக்க இயலும்.

முடிவுரை

அகப்படல நோய் கருவுறாமைக்குப் பல வழிகளில் காரணமாகிறது: உறுப்புகளைப் பிணைக்கிறது, முட்டை இருப்பைக் குறைக்கிறது, வயிற்றறைச் சூழலைக் கெடுக்கிறது, உறவை வலியுடையதாக்குகிறது. ஆயினும் நோயுற்ற பெண்கள் பலர் தாய்மையடைகின்றனர். இவ்விரு உண்மைகளுக்கும் இடையே நிற்பது காலம். பதினாறு வயதில் தொடங்கிய வலி இருபத்தெட்டு வயதில் கருவுறாமைக்கான பரிசோதனையில் முதன்முறையாகப் பெயர் பெறுமானால், இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை எந்த மருத்துவமும் மீட்டுத் தராது. எனவே கருவுறாமையைத் தடுக்கும் முயற்சி திருமணத்துக்குப்பின் தொடங்குவதன்று. மாணவி ஒருத்தி வலியால் மாதந்தோறும் வகுப்புக்கு வராதபோது, அதனைக் கவனித்துக் கேட்கும் ஆசிரியரிடமும் தாயிடமும் தொடங்குவது அது. மருத்துவம் சாராத துறைகளில் பணிபுரியும் விரிவுரையாளர்க்கும் இதில் பொறுப்பு உண்டு. வருகைப் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது.